வெப்பத் தெளிப்புக் கடினப் பூச்சுகளும் தேய்மானமும்: கேள்வி பதில்

கேள்வி: மணல் கலந்த நீரை இறைக்கும் பம்பில், பேக்கிங் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) உட்காரும் இடத்தில் ஸ்லீவ் (ஷாஃப்டின் மேல் மாட்டும் உறை) பள்ளம் விழுகிறது. ஹார்டு குரோம் (கடினக் குரோமிய முலாம்) போட்டும் நிற்கவில்லை. வேறு என்ன பூச்சு போடலாம்?

பதில்: எது எதன் மேல் உரசுகிறது என்பதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், எல்லோரும் இப்படிக் கேட்டால் பதில் சொல்வது எளிது. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் ஏறத்தாழ 1000 முதல் 1100 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு). ஹார்டு குரோம் 800 முதல் 1000 வரைதான் என்பதால், பேக்கிங்கில் பதிந்துகொள்ளும் மணல் துகள் அதையும் கீறிவிடும். எச்.வி.ஓ.எஃப் முறையில், அதாவது பவுடரை எரிபொருள்–ஆக்சிஜன் சுடரில் அதிவேகமாக வீசித் தெளித்த டங்ஸ்டன் கார்பைடு, 10 சதவீதக் கோபால்ட், 4 சதவீதக் குரோமியம் கொண்ட பூச்சு உங்களுக்குப் பொருந்தும்.

குரோமியம் எதற்கு என்றால், கோபால்ட் மட்டும் பிணைப்பாக இருந்தால் நீரில் அது மெல்ல அரிக்கப்படும். பிடிமானம் இழந்த கார்பைடு மணிகள் தேயாமலே உதிர்ந்துவிடும். தேய்ந்த பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். மணிகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு உலோகம் முதலில் தாழ்கிறது, மணிகள் மேலே துருத்தி நிற்கின்றன, பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று அந்த இடத்தில் குழி விழுகிறது. ஆகவே உங்கள் நீரில் வருவது மிக நுண்ணிய வண்டல் என்றால், துகள் இடைவெளிக்குள் நுழையாதபடி நுண்மணிக் கார்பைடு பவுடரைக் கேட்டு வாங்குங்கள். தெளித்தபின் டைமண்ட் வீலால் அரைத்து மெருகேற்றாமல் மாட்ட வேண்டாம். சொரசொரப்பான கார்பைடு பரப்பு பேக்கிங்கை அரம்போல ராவித் தள்ளிவிடும்.

கேள்வி: எந்தப் பூச்சு மிகச் சிறந்தது?

பதில்: எந்த வேலைக்கு என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: 700 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும் பாகத்துக்கு டங்ஸ்டன் கார்பைடு தாங்குமா?

பதில்: தாங்காது. சுமார் 500 டிகிரிக்கு மேல் அது ஆக்சிஜனேற்றம் அடையும். குரோமியம் கார்பைடு–நிக்கல் குரோமியம் பூச்சுக்குப் போங்கள்.

கேள்வி: ஷாஃப்டின் ஓரத்தில் பூச்சு உரிகிறது. பவுடர் தரமற்றதா?

பதில்: பவுடரைக் குறை சொல்லுமுன் ஓரத்தைப் பாருங்கள். இந்தப் பூச்சுகள் பெரும்பாலும் சொரசொரப்பான பரப்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் பிடிப்பால்தான் நிற்கின்றன. கூரிய விளிம்பில் தகைவு (பொருளுக்குள் எழும் இழுவிசை) குவிந்து, உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். விளிம்பை உருட்டிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை முழுதும் நீக்கி, கிரிட் பிளாஸ்டிங் (கூர்மணிகளை வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்குதல்) முடிந்த கையோடு தெளிக்க வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன்: விளிம்பை உருட்டாமல் தெளிக்காதீர்கள்.

கேள்வி: ஒரே பவுடரில் பிளாஸ்மாவில் (மின்வில்லால் மிகச் சூடாக்கிய வாயுவில்) தெளித்த மாதிரி 1300 விக்கர்ஸ் காட்டுகிறது, எச்.வி.ஓ.எஃப் மாதிரி 1150 தான். கடினம் கூடியதுதானே கூடுதல் நாள் வரும்?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பிளாஸ்மாவின் கடும் வெப்பத்தில் கார்பைடு கார்பனை இழந்து, ஒரு டங்ஸ்டன் அணுவுக்கு ஒரு கார்பன் என்ற நிலையிலிருந்து இரண்டு டங்ஸ்டனுக்கு ஒரு கார்பன் என்ற கார்பைடாகப் பகுதியளவு மாறுகிறது. அது கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. உங்கள் மாதிரியில் அளவி காட்டும் கூடுதல் எண் அந்த நொறுங்கும் பகுதியிலிருந்தும் வந்திருக்கலாம்.

மறுப்பு: ஏ.எஸ்.டி.எம் ஜி65 என்ற தேய்மானச் சோதனையில் கடினம் கூடியவை குறைவாகவே தேய்ந்தன என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பதில்: நீங்கள் பார்த்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனையில் ரப்பர் சக்கரம் மணலை மாதிரியின் மேல் அழுத்தி இழுக்கிறது. அது குறைந்த அழுத்தத்தில் நடக்கும் உரசல், அங்கே கடினத்துக்கு மதிப்பு உண்டு. துகள்கள் வேகமாக வந்து மோதும் அரிப்பில் கணக்கே வேறு. நொறுங்காமல் நெளியும் உலோகம் 15 முதல் 30 டிகிரி சாய்வில் வரும் துகளால் அதிகம் இழக்கிறது. நொறுங்கும் பொருளோ 90 டிகிரிக்கு அருகில் நேராக மோதும் துகளால் விரிசல்கண்டு அதிகம் இழக்கிறது. உங்கள் 1300 பூச்சை வளைவுக் குழாயின் நேர்மோதல் பகுதியில் வைத்தால், உரசலில் அதனிடம் தோற்ற, கடினம் குறைந்த பூச்சு அங்கே வெல்ல வாய்ப்பு உண்டு. கடினத்தோடு நுண்துளை அளவு, குறுக்குவெட்டுப் படம் இரண்டையும் கேட்டு வாங்காமல் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: பல்சக்கரத்தின் பற்களுக்குத் தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம். கோட்டுத் தொடுகையில் திரும்பத் திரும்ப வரும் அழுத்தத்தில் பூச்சு பெயர்ந்துவிடும், கார்புரைசிங் (எஃகின் மேற்பரப்பில் கார்பனை ஏற்றிக் கடினமாக்குதல்) செய்யுங்கள்.

கேள்வி: 2 மில்லிமீட்டர் தேய்ந்த ஷாஃப்டை முழுக்கக் கார்பைடாலேயே நிரப்பலாமா?

பதில்: கார்பைடுப் பூச்சு பொதுவாக 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நல்லது. தடிமன் ஏற ஏற உட்தகைவு கூடித் தானே விரிசல் விடும். முதலில் ஆர்க் ஸ்ப்ரேயால் (மின்வில்லில் கம்பியை உருக்கித் தெளிக்கும் முறை) பொருத்தமான உலோகத்தை ஏற்றி, கடைந்து அளவுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் மெல்லிய கார்பைடு தெளியுங்கள். விளிம்பை உருட்டிய பிறகு.