வண்டிப் பறிமுதலும் விற்பனைச் சான்றிதழும்

வணக்கம் நண்பரே. உங்கள் அப்பாவின் இட்லி வண்டியைப் பட்டியல் எதுவும் தராமல் நகராட்சி ஊழியர்கள் ஏற்றிச் சென்றதையும், அரசுத் தலையீட்டை எதிர்க்கும் நீங்கள் அதே அரசிடம், தெருவில் விற்க அனுமதிக்கும் விற்பனைச் சான்றிதழ் கேட்டு நிற்கலாமா என்று தயங்குவதையும் படித்தேன். முதலில் வண்டி வீடு திரும்பட்டும்.

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, பறிமுதல் செய்த பொருள்களுக்குப் பட்டியல் தந்தே ஆக வேண்டும். கேட்டபின் அழுகும் பொருளை அன்றே, மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இதைச் சுட்டி மனு எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையை மறவாமல் வாங்குங்கள்.

தெருவில் விற்பது அரசு போடும் பிச்சையன்று. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று சோதன் சிங் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. அந்த உரிமையைச் சான்றிதழ் என்னும் ஓர் அட்டைக்குள் அடக்கியது எனக்கும் உறுத்தல்தான். எந்த முனையில் இட்லி விற்கும் என்பது அலுவலகத்தைவிட உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும், அட்டை இருந்தால் மாமூல் கேட்கும் கை சற்றே தயங்கும் என்பதால், அதை வாங்குவதைக் கொள்கைத் துரோகமாக நான் கருதவில்லை.

அதே சட்டப்படி, இந்தச் சான்றிதழை வழங்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அக்குழு கடைசியாக எப்போது கூடியது என்பதையும் மனுவிலேயே கேளுங்கள்.