பென்டிரைவில் தவறுதலாக அழித்த புகைப்படங்களை மீட்க முடியுமா? இனி இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

பெரும்பாலும் முடியும். பென்டிரைவ் இன்னும் கணினியில் செருகியிருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

ஒரு கோப்பை அழிக்கும்போது கணினி அதன் இடத்தை 'காலி' என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்குள் சாமான்கள் அப்படியே இருக்க, வாசலில் டு-லெட் போர்டு மாட்டியது போல. புதிதாக ஏதாவது அங்கே குடிவந்தால்தான் பழையது உண்மையில் போகும். அதனால் அந்தப் பென்டிரைவில் இனி எதையும் ஏற்றாதீர்கள். மீட்கும் மென்பொருளையும் அதில் போடக்கூடாது.

2017-ல் அக்கா மகளின் காதணி விழா முடிந்த மறுநாள், கேமராவின் மெமரி கார்டை மாமா தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டார். உடனே கார்டை எடுத்துவிட்டேன். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை என் லேப்டாப்பில் போட்டு, மீட்ட படங்கள் லேப்டாப்பில் சேரும்படி வைத்து ஓடவிட்டேன். அது கோப்புப் பட்டியலைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தை வைத்துக் கார்டு முழுக்கத் தேடுகிறது. நானூறு படங்களுக்கு மேல் வந்தன. சிலவற்றில் பாதி சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. பழைய பெயர்கள் எதுவும் இல்லை, எல்லாம் எண்கள். ஆனால் படத்துக்குள்ளேயே எடுத்த நேரம் பதிவாகியிருக்கும், அதை வைத்து வரிசைப்படுத்தினோம். தாய்மாமன் மடியில் குழந்தை அழும் படம் திரையில் வந்தபோது அக்காவும் அழுதுவிட்டாள்.

எல்லா முறையும் அப்படி நடக்கவில்லை. அப்பா தன் ஊரைப் பற்றியும் கிணற்றுப் பாசனக் காலத்தைப் பற்றியும் சொல்லச் சொல்ல, அறுபது பக்கம் தட்டச்சு செய்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். 2020-ல் லேப்டாப் மெதுவாகிவிட்டதென்று ஒரு கடையில் விண்டோஸை மறுபடி போடக் கொடுத்தேன். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்யச் சொன்னேன். டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. போதாக்குறைக்கு அதில் இருந்தது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வட்டு. எஸ்எஸ்டியில் டிரிம் என்றொரு ஏற்பாடு உண்டு. விண்டோஸ் 7 முதலே அது தானாக இயங்குகிறது. அழித்த இடத்தை எஸ்எஸ்டி உள்ளுக்குள் துடைத்துவிடும். எந்த மென்பொருளாலும் ஒரு வரியைக்கூட எடுக்க முடியவில்லை. திரும்பச் சொல்லும் நிலையில் அப்பாவும் இல்லை. அக்காவுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த முதல் இரண்டு பக்கம் மட்டும் மிச்சம்.

அந்த இரண்டு பக்கம் ஏன் பிழைத்தது என்று யோசித்துத்தான் இப்போது எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறேன். வேறொரு இடத்தில் இருந்ததால் பிழைத்தது. "டி டிரைவில் ஒரு காப்பி இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் இரண்டு பங்குகள். வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறது என்பதும் போதாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதன் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 கணக்கு எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ.

பிரதியைத் திறந்தும் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளமான கிட்லாப் நிறுவனத்தில் ஒரு ஊழியர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்புகள் கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

இன்னொன்று: ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு நிலையத்தில் கொடுங்கள்.

நான் மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு வெளி ஹார்டு டிஸ்கைச் செருகிப் பிரதி எடுத்துவிட்டு உடனே கழற்றிவிடுகிறேன். இன்னொன்று அக்கா வீட்டில் இருக்கிறது.

அழித்த பிறகு அந்தப் பென்டிரைவில் ஏதாவது ஏற்றினீர்களா என்று கருத்தில் சொல்லுங்கள். அடுத்து எப்படிச் செய்வதென்று படிப்படியாக எழுதுகிறேன்.