1948 இல் இலங்கைக்குச் சுதந்திரம் கொடுத்தபோது பிரித்தானியா திருகோணமலையை வெட்டி எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டதா?

இல்லை. நிலம் இலங்கையோடுதான் வந்தது. பிரித்தானியாவுக்கு மிஞ்சியது பாவிக்கும் உரிமை. டொக்யாட் என்ற கடற்படைக் கப்பல் தளமும் சீனக்குடா விமானத்தளமும் 1957 வரை அவர்கள் கையில் இருந்ததால் திருகோணமலையில் பலர் நில உரிமையையும் பாவிக்கும் உரிமையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

1947 நவம்பர் 11 இல் இலங்கைப் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவும் பிரித்தானிய ஆளுநர் மூரும் கைச்சாத்திட்ட பாதுகாப்பு உடன்படிக்கை மிகச் சிறியது. கடற்படை, விமானப்படைத் தளங்களையும் துறைமுகங்களையும் பாவிக்கலாம் என்கிறது. இடங்களின் பெயர் இல்லை, முடிவுத் திகதியும் இல்லை. இதைக் காட்டித்தான் இலங்கையின் சுதந்திரம் போலி என்று சோவியத் யூனியன் வீட்டோ போட்டது, ஐ.நா. அங்கத்துவம் 1955 டிசம்பர் வரை இழுபட்டது. ஆனால் அதே பத்திரத்தில் 'இருதரப்பும் இணங்கியபடி' என்ற நிபந்தனையும் இருந்தது. 1956 இல் பிரதமரான பண்டாரநாயக்க பிடித்தது அதைத்தான். 1957 இல் கடிதப் பரிமாற்றத்தோடு விஷயம் முடிந்தது: ஒக்டோபர் 15 இல் திருகோணமலைத் தளமும் நவம்பர் 1 இல் கட்டுநாயக்க விமானத்தளமும் இலங்கையிடம் வந்தன.

வெட்டி எடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க சைப்பிரசுக்குப் போக வேண்டும். 1960 இல் அக்ரோத்திரி, தெக்கேலியா என்று 99 சதுர மைல் புதிய குடியரசுக்குள் சேரவே இல்லை. இன்றும் பிரித்தானிய இறைமைதான். மொரிசியசுக்கு நடந்தது இன்னும் மோசம். சுதந்திரம் 1968 இல். அதற்கு முன்பே, 1965 நவம்பர் 8 இல், இந்து சமுத்திரத்திலுள்ள சாகோஸ் தீவுகள் மொரிசியசிலிருந்து பிரிக்கப்பட்டன. ஈடு 30 லட்சம் பவுண். குடியேற்ற நாடாக இருந்துகொண்டு எசமானோடு பேசி எடுத்த 'சம்மதம்' அது. மக்களின் சுதந்திரமான விருப்பம் அல்ல என்று சர்வதேச நீதிமன்றம் 2019 இல் ஆலோசனைக் கருத்துச் சொன்னது. தீவு மக்களை அதற்குள் எப்போதோ அப்புறப்படுத்திவிட்டார்கள்.

எனவே இப்படியான பத்திரம் எதைப் படித்தாலும் முதலில் இறைமை யாருக்கு என்று பாருங்கள். பிறகு எல்லை வரைந்திருக்கிறதா, முடிக்கும் வழி இருக்கிறதா, கைச்சாத்திட்ட அன்று அந்த நாடு சுதந்திர நாடா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. இலங்கை உடன்படிக்கையும் சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முந்தியதுதான். நிலம் போகாததால் அந்தக் குறை பின்னால் பெரிதாகவில்லை.

சேனநாயக்கவை லண்டன் நம்பியது. வெட்டவேண்டிய தேவை வரவில்லை என்பது என் கணிப்பு. இங்குள்ள தளங்கள் நிலைக்காது என்று தெரிந்ததும் மாலைதீவின் கன் தீவில் விமானத்தளம் போட்டார்கள்.

இந்தப் பத்திரங்கள் ஒன்றிலும் டொக்யாட் தொழிலாளர் கணக்கில் இல்லை. தளம் மூடியதும் வேலை போனது. அவர்களில் சுமார் 400 தமிழ்க் குடும்பங்களைப் பதவியா என்ற குடியேற்றத் திட்டத்தில் குடியேற்ற அரசு எடுத்த முயற்சி அங்கிருந்த சிங்களத் தொழிலாளரின் எதிர்ப்பைக் கிளப்பியது. தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தை மூட்டிய காரணங்களில் அதுவும் ஒன்று.