வெனிஸ் காயல்ல பாய்மரப் படகு: அத்தையையும் கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி: செப்டம்பர் நடுவுல நாங்க அஞ்சு பேர் வெனிஸ்ல ரெண்டு நாள் தங்குறோம். நான், வீட்டுக்காரர், 71 வயசு அத்தை (அவரோட அம்மா), ம்யூனிக்ல வேலை பாக்குற பொண்ணு, மாப்பிள்ளை. பத்து பேருக்கு மேல ஏத்தாத பழைய பாய்மரப் படகுல அரை நாள், முழு நாள்னு காயலைச் சுத்திக் காட்டுறாங்களாம், போலாம்மான்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவரோ "அதுக்கு எதுக்கு அவ்ளோ காசு, கொண்டோலால ஒரு ரவுண்டு போனா போதாதா"ங்கிறார். எனக்கு நீச்சல் தெரியாது, கொடைக்கானல் பஸ்ஸுல ஏறினாலே வாந்தி வரும். அத்தைக்கு முட்டி வலி. நாங்க சைவம் வேற. என்ன பண்ணலாம் சொல்லுங்க. – திருப்பூர் வாசகி

பதில்: போங்கம்மா, கண்டிப்பா போங்க. அரை நாள் ட்ரிப் போதும், மத்தியானம் கிளம்புறதா இருக்கட்டும், காயலோட வடக்குப் பக்கம் போற படகா பாத்து எடுங்க. அத்தை வர்றதும் வராததும் படகுல எப்படி ஏறணும்ங்கறதைப் பொறுத்தது, அதைப் பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுடலாம், கீழ சொல்றேன்.

முதல்ல உங்க வீட்டுக்காரர் கேள்விக்கு வர்றேன், ஏன்னா அவர் கணக்குலயும் நியாயம் இருக்கு. கொண்டோலான்னா ஊருக்குள்ள கால்வாய்ல துடுப்பு போட்டு ஓட்டற ஒல்லிப் படகு, அதோட ரேட் நகராட்சி நிர்ணயிச்சது, 2023 நவம்பர்ல ஏத்தின கணக்குப்படி பகல்ல அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ராத்திரி 110. படகு முழுசுக்கும் அதான், அஞ்சு பேர் வரைக்கும் ஏறலாம், ஆக உங்களுக்கு ஆளுக்கு 18 யூரோதான் வரும். இந்தப் பாய்மரப் படகுல அரை நாளைக்கு ஒவ்வொருத்தருக்கும் அதைவிட நல்லாவே கூட ஆகும். ஆனா கொண்டோலால நீங்க பாக்கப் போறது நடந்து போனாலும் தெரியற அதே சந்து, அதே பாலம். அந்த ஊர் ஏன் தண்ணிக்கு நடுவுல இருக்கு, எதை நம்பி ஆயிரம் வருஷம் பொழைச்சுதுங்கறது ஊருக்குள்ள நின்னா தெரியாது, வெளிய காயல்ல போய் நின்னு திரும்பிப் பாத்தாதான் தெரியும். அதுக்குத்தான் அந்தக் காசு. கொண்டோலால கால் வெச்சே ஆகணும்னு அவருக்கு ஆசைன்னா ஊர் நடுவுல ஓடற பெரிய கால்வாயான கிராண்ட் கனால்ல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆள் ஏத்தி விடற ட்ராகெட்டோன்னு ஒண்ணு ஓடுது, அதுவும் கொண்டோலா வகைதான், ரெண்டு யூரோல ஆசை தீந்துடும்.

காயல்னு சொன்னேன்ல, நம்ம பழவேற்காட்டை மனசுல வெச்சுக்கோங்க. அங்க கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா நீளமா படுத்திருக்கற மாதிரி இங்க லீடோ, பெல்லெஸ்ட்ரீனான்னு ஒல்லியான தீவுங்க படுத்திருக்கு, லீடோ, மாலமோக்கோ, கியோஜ்ஜான்னு மூணு முகத்துவாரம், அது வழியாத்தான் கடல் உள்ள வந்துட்டுப் போவுது. மொத்தம் 550 சதுர கிலோமீட்டர், அதுல நிலம்னு சொல்லிக்கறது 8 சதவீதம் போல. சராசரி ஆழம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்ளோதான். ஆத்து மண்ணு வந்து ரொம்பினா காயலே தூந்து போயிடும்னு பயந்து, பிரெண்டா, பியாவேன்னு பெரிய பெரிய ஆறுங்களையே வெனிஸ்காரங்க நூத்துக்கணக்கான வருஷமா வெட்டி வெட்டித் திருப்பி விட்டாங்க. அப்படிக் காப்பாத்தின தண்ணிம்மா அது.

நீச்சல் தெரியாதுன்னு பயப்படறீங்க. ஆழம் கம்மின்னு நான் சொன்னதை வெச்சு அலட்சியமா இருந்துடாதீங்க, படகு போற கால்வாய்ங்க ஆழமானது, முகத்துவாரத்துப் பக்கம் இன்னும் ஆழம். எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு கேளுங்க, இருக்குன்னா ஏறின உடனே வாங்கி மாட்டிக்கோங்க, மத்தவங்க யாரும் போடலையேன்னு கூச்சப்படாதீங்க. இன்னொண்ணு, 2009 செப்டம்பர்ல தேக்கடில படகு கவிழ்ந்து 45 பேர் போனாங்களே, மிருகத்தைப் பாக்க எல்லாரும் ஒரே பக்கம் போனதுதான் காரணம்னு அப்ப பேசினாங்க. அது ரெண்டு தட்டு போட்ட பெரிய படகு, இது வேற மாதிரி, இருந்தாலும் நாரையோ ஃப்ளமிங்கோவோ தெரிஞ்சா எல்லாருமா எந்திரிச்சு ஒரு பக்கம் ஓடாதீங்க, கேப்டன் உக்காரச் சொன்ன எடத்துல உக்காந்தே பாருங்க.

வாந்தி விஷயத்துல எனக்குப் பெரிய கவலை இல்லை. வெளிக்கடல் அலை உள்ள வராது, அந்தத் தீவுங்க தடுத்துடும். காயல்ல ஆட்டம் வர்றது மோட்டார் படகுங்க கிளப்பற அலையாலதான், அது அந்த ஊருக்கே பெரிய தலைவலி, வீட்டு அஸ்திவாரத்தையே அரிக்குதுன்னு வேகக் கட்டுப்பாடு எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. ஊரை ஒட்டி இருக்கற வரைக்கும் கொஞ்சம் ஆடும், வடக்கால போகப் போக அடங்கிடும். நடுவுலயோ பின்னாடியோ உக்காருங்க, போனைக் குனிஞ்சு பாக்காதீங்க, தூரத்துல ஒரு கோபுரத்தைப் பிடிச்சு வெச்சுக்கோங்க, வெறும் வயித்தோட போகாதீங்க. மாத்திரை போடற பழக்கம் இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேட்டு ஊர்லேந்தே வாங்கிட்டுப் போயிடுங்க.

படகு எந்த வகைன்னு பொண்ணைக் கேக்கச் சொல்லுங்க, இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் நெனைக்கிறேன். அடில நீளமா துடுப்பு மாதிரி இறங்கியிருக்கற இப்பத்திய யாட்டா, இல்ல தட்டை அடி வெச்ச பழைய மீன்பிடிப் படகா? யாட்னா ஆழமான கால்வாயை விட்டு வெளிய வர முடியாது, காத்து பிடிச்சா நல்லா சாயும், உங்களுக்கும் அத்தைக்கும் அது ஒத்து வராது. பிராகோட்சோன்னு ஒண்ணு இருக்கு, கியோஜ்ஜா ஊர் மீனவங்க படகு, ரெண்டு பாய்மரம், அகலமா தட்டையா இருக்கும், சுக்கான் மட்டும் ரொம்பப் பெருசு, அதுதான் ஆழத்துல இறங்கி படகு பக்கவாட்டுல தள்ளிப் போகாம பிடிச்சுக்கும், ஆழம் கம்மியான எடம் வந்தா அதைத் தூக்கிடுவாங்க. பாய் எல்லாம் காவி, செங்கல் கலர், மஞ்சள், மேல சூரியன், நட்சத்திரம்னு ஏதாவது ஒரு அடையாளம். எந்தக் குடும்பத்துப் படகு வருதுன்னு கரைல நிக்கறவங்க தூரத்துலேந்தே கண்டுபிடிக்க அப்படித் தீட்டினாங்க. பழைய படகுல பாத்ரூம் இருக்கான்னும் கேட்டுக்கோங்க, சிலதுல இருக்காது, இருந்தாலும் செங்குத்தா இறங்கிப் போற மாதிரி இருக்கும், அத்தைக்கு முடியாது. அப்படின்னா வடக்குப் பக்கத் தீவுங்களான புரானோலயோ தொர்ச்செல்லோலயோ கரை இறங்கற ட்ரிப்பா எடுங்க.

அத்தை ஏர்றதைப் பத்தி. மிதவை மேடைலேந்து ஏத்துவாங்களா, இல்ல கல் படிக்கட்டுலேந்தான்னு கேட்டு எழுதுங்க. அங்க தண்ணி மட்டம் ஒரு நாளைக்குள்ளயே ஏறி இறங்கும், சில நாள் ஒரு மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும், அதனால கல் படின்னா நேரத்தைப் பொறுத்து படகு படிக்கு ரொம்பக் கீழ நிக்கும், கீழ்ப்படில பாசி வேற வழுக்கும். மிதவை மேடை தண்ணியோட சேந்து ஏறி இறங்கும், ஒரு எட்டு வெச்சா படகு. மிதவைன்னா அத்தையைத் தாராளமா கூட்டிட்டுப் போங்க. கல் படிதான்னு சொன்னா மாப்பிள்ளை தூக்கி ஏத்திடுவார்னு எல்லாம் நெனைக்காதீங்க, அத்தைகிட்டயே விஷயத்தைச் சொல்லி அவங்க முடிவை விட்டுடுங்க. நம்ம வீடுகள்ல பெரியவங்களைக் கேக்காமலே "உங்களால முடியாது"ன்னு நாமளே சொல்லிடறோம், அது அவங்களுக்கு எவ்ளோ வலிக்கும்னு யோசிக்கறதில்லை.

மத்தியானம் ஏன் சொன்னேன்னா, காத்து. வெயில் ஏற ஏற கடல்லேந்து காத்து உள்ள வரும், வானம் தெளிவா இருக்கற நாள்ல மத்தியானத்துக்கு மேல நல்லா பிடிக்கும், காலைல பெரும்பாலும் அசையாம கெடக்கும், மோட்டார்லயே ஓட்டிட்டு வந்துடுவாங்க. மத்தியானம் போனாக்கூட முழு நேரமும் பாய் விரிச்சே போவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க, ஊரை விட்டு வெளிய வர்ற வரைக்கும் எஞ்சின்தான், நடுவுல ஒரு மணி நேரமாவது எஞ்சினை அணைச்சுட்டுப் பாய்ல போனாங்கன்னா அது நல்ல ட்ரிப். எஞ்சின் நின்னதும் சளக் சளக்னு தண்ணி படகோட பலகைல மோதற சத்தம் மட்டும் கேக்கும் பாருங்க, உங்க வீட்டுக்காரர் அப்புறம் காசைப் பத்திப் பேச மாட்டார். செப்டம்பர் நடுவுல சூரியன் மறைய ஏழேகாலுக்கு மேல ஆகும், அதுக்குள்ள திரும்பற மாதிரி இருந்தா வசதி. கொசு உண்டு, சாயங்காலத்துக்கு ஒரு முழுக்கை எடுத்துக்கோங்க, காத்துக்கும் ஆச்சு.

வடக்குப் பக்கம் போனா என்ன பாக்கணும்னு சொல்லிடறேன். கால்வாய் ஓரமெல்லாம் மூணு மூணா ஓக் மரத்தடியைச் சேத்துக் கட்டி நட்டிருப்பாங்க, பிரிக்கோலான்னு பேர், எதுவரைக்கும் ஆழம், எங்கேந்து சேறுன்னு படகுக்காரங்களுக்கு அதான் வழிகாட்டி, நம்பர் போட்டிருக்கும், உச்சில கடற்காகம் உக்காந்திருக்கும். பக்கத்துல போகும்போது அந்தக் கட்டை தண்ணியைத் தொடற எடத்தைக் கவனிங்க, மேலயும் கீழயும் தடியா இருக்கற மரம் அந்த ஒரு எடத்துல மட்டும் அரிச்சு அரிச்சு கை மணிக்கட்டு அளவுக்கு ஒல்லியாகி இருக்கும். புழு தின்னது, அலை தின்னது. தண்ணிக்கும் அந்த ஊருக்கும் நடக்கற சண்டை பூரா அந்த ஒரு சாண் கட்டைல இருக்கு. அதுக்கப்புறம் பாரேனான்னு உப்புச் சதுப்பு வரும், தண்ணி ஏறினா லேசா முங்கும், இறங்கினா வெளிய வரும், செப்டம்பர்ல ஊதாப் பூ மிச்சம் இருக்கும், ஓரத்துல உப்புப் பூண்டு சிவக்க ஆரம்பிச்சிருக்கும், கொக்கு, நீர்க்காகம் நெறைய.

தொர்ச்செல்லோல நிறுத்தற ட்ரிப் கெடைச்சா விடாதீங்க. வெனிஸ் பெருசா ஆகறதுக்கு முன்னாடி அதுதான் பெரிய ஊர், அப்புறம் சுத்தி சேறு ரொம்பி மலேரியா வந்து ஜனமெல்லாம் காலி பண்ணிட்டுப் போச்சு, இப்ப குடியிருக்கறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 639ல ஆரம்பிச்ச சர்ச், பின்னாடி எடுத்துக் கட்டினது, இன்னும் நிக்குது, உள்ள பின்சுவர் பூரா கடைசித் தீர்ப்பு நாளை மொசைக்ல பண்ணியிருக்காங்க, அத்தைக்கு நம்ம ஊர் எமலோகப் படம் ஞாபகம் வரலாம். துறைலேந்து பத்து நிமிஷ நடை, சமதளம், முட்டி வலிக்காரங்க மெதுவா போயிட்டு வந்துடலாம், அதுக்குத் தேவையான நேரம் நிறுத்துவீங்களான்னு மட்டும் முன்னாடியே கேளுங்க. தோள், முட்டி மறையற துணி போட்டுக்கோங்க. புரானோல கலர் கலரா வீடு, கை லேஸ் கடை, அது எல்லாரும் போட்டோ போடறதுதான், மறுநாள் 12ம் நம்பர் பொதுப் படகுல கூடப் போய்க்கலாம்.

சாப்பாட்டுல கவனம். படகுல நொறுக்குத் தீனி குடுப்பாங்க, வெஜிடேரியன்னு மட்டும் எழுதினா மீனை அசைவத்துல சேக்காதவங்களும் இருக்காங்க, அதனால கறி வேணாம், மீன் வேணாம், நெத்திலி வேணாம்னு பிரிச்சுப் பிரிச்சு எழுதச் சொல்லுங்க. ரொட்டித் துண்டு மேல வெள்ளையா வெண்ணெய் மாதிரி தடவி வரும், எடுத்துடாதீங்க, அது காட் மீனை அடிச்சு அடிச்சு க்ரீம் பண்ணினது. கேக்காம எதையும் வாயில வைக்காதீங்க, கேட்டா சந்தோஷமா சொல்வாங்க. சுட்ட கத்திரிக்கா, குடமிளகா, சீஸ், ரொட்டி, பழம் எல்லாம் ஈசியா கெடைக்கும். அத்தைக்கு ஒரு டப்பால தயிர் சாதம் கட்டிக்கறதும் தப்பே இல்ல.

கடைசியா பொண்ணு புக் பண்றப்ப ரெண்டு விஷயம். படகு எங்கேந்து கிளம்புதுன்னு பாருங்க, சிலது வெனிஸ்ல கிளம்பாது, புரானோவுக்கோ ட்ரெபோர்ட்டிக்கோ வரச் சொல்வாங்க, புரானோன்னா வெனிஸோட வடக்குக் கரைல இருக்கற ஃபோண்டமென்தே நோவே படகுத் துறைலேந்து பொதுப் படகுல முக்கால் மணி நேரம் ஆகும், அந்த டிக்கெட்டும் தனி, ஒரு தடவைக்கு 9.50 யூரோ, ஒரு நாள் பாஸ் 25ன்னு பாத்தேன், அஞ்சு பேருன்னா கணக்குல சேத்துக்கோங்க. ரெண்டாவது, காத்து மழை ஜாஸ்தின்னு கேப்டன் கேன்சல் பண்ணினா பணம் முழுசா திரும்ப வருமா, இல்ல வேற நாள்தான் தருவாங்களான்னு எழுத்துல வாங்கிடுங்க. நீங்க தங்கறது ரெண்டே நாள், வேற நாள் உங்களுக்கு உதவாது. அதனால முதல் நாளுக்கே புக் பண்ணுங்க, அன்னிக்கு முடியலைன்னா மறுநாள் கையில இருக்கும்.