மீப்பாய்ம ஹீலியத்தில் கொந்தளிப்பை அளப்பது: கேள்வி பதில்

திரவ ஹீலியத்தோடு வேலை பார்ப்பவன் என்பதால் சிங்கப்பூர் நண்பர்கள் சிலர் கேட்டவை இவை. மீப்பாய்மம் என்றால் ஏறத்தாழ உராய்வே இல்லாமல் ஓடும் திரவம்.

தெம்பனிஸ், தொடக்கக் கல்லூரி மாணவி: அண்ணா, உராய்வே இல்லாத திரவத்தில் கொந்தளிப்பு எப்படி வரும்?

தே தாரிக்கைக் கரண்டியால் கலக்கினால் பெரிதும் சிறிதுமாக எந்த அளவிலும் சுழி வரும். 2.17 கெல்வினுக்குக் கீழே மீப்பாய்மமாகிவிடும் ஹீலியம்-4க்கு (சாதாரண ஹீலியம்தான்) அந்தச் சுதந்திரம் கிடையாது. பிளாங்க் மாறிலியை ஹீலியம் அணுவின் நிறையால் வகுங்கள்: வினாடிக்குச் சுமார் 0.1 சதுர மில்லிமீட்டர். ஒவ்வொரு சுழியின் வலிமையும் இதுதான், பாதிச் சுழி என்று ஒன்று கிடையாது. நடுக்கரு ஓர் அணுவின் பருமன்தான் இருக்கும், நீளமோ சுவருக்குச் சுவர் போகலாம். இந்தச் சுழல் கோடுகள் தாறுமாறாகப் பின்னிக்கொள்வதைத்தான் குவாண்டம் கொந்தளிப்பு என்கிறோம். 1955இல் இயற்பியலாளர் ஃபைன்மன் சொன்ன சித்திரம் இது. அப்புறம், 'உராய்வே இல்லை' என்பதும் முழு உண்மையில்லை. 1 கெல்வினுக்கு மேலே சாதாரணத் திரவப் பங்கும் (உராய்வுள்ள பகுதி) கணிசமாகக் கலந்திருக்கும்.

ஜூரோங், பொறியாளர்: அணு பருமனில் இருப்பதை எதை வைத்து அளப்பீர்கள்?

வெப்பத்தை வைத்து. மீப்பாய்மத்தில் வெப்பம் அலையாகவே ஓடும். அதற்கு இரண்டாம் ஒலி என்று பெயர், 1.65 கெல்வினில் வேகம் வினாடிக்குச் சுமார் 20 மீட்டர். எதிரெதிரே 1 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சூடேற்றியும் ஒரு வெப்பமானியும் வைத்தால் 1,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதல் ஒத்ததிர்வு, அதாவது அலை மிகப் பலமாகும் அதிர்வெண், கிடைக்கும். திரவம் அமைதியாக இருக்கும்போது வரைபடத்தில் அதன் முகடு உயரமாக, ஒல்லியாக நிற்கும். கொந்தளிப்பைக் கிளப்பினால் சாதாரணப் பங்கு சுழல் கோடுகளில் மோதிச் சிதற, அலை தேய்ந்து முகடு குட்டையாகிப் பருத்துவிடும். எவ்வளவு தேய்ந்தது என்பதிலிருந்து ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை நீளம் கோடு இருக்கிறது என்று கணக்கிடலாம். 1 கிலோமீட்டர் என்று வந்தால் மிரள வேண்டாம், அது சாதாரணம்தான். 1957இல் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் வினென் செய்தது இதைத்தான். என்னைக் கேட்டால் இன்றைக்கும் முதலில் நம்ப வேண்டிய முறை இதுவே.

ஒரு சூட்சுமம்: வெப்பநிலை நழுவினால் வேகம் மாறி முகடும் நகர்ந்துவிடும். 1.65 கெல்வின் அருகே வேகம் உச்சத்தைத் தொட்டுத் திரும்புவதால், அங்கே சின்ன நழுவல்கள் உறைக்காது. இன்னொன்று, அலை போகும் திசையிலேயே படுத்திருக்கும் கோடுகள் கணக்கில் வராது.

ஈசூன்: படம் பிடிக்கவே முடியாதா?

முடியும். 2006இல் மேரிலாந்தில் ஸ்ரீனிவாசன் குழுவினர் ஹைட்ரஜனை உறையவைத்து, மைக்ரோமீட்டர் அளவுத் துகள்களாக உள்ளே விட்டார்கள். அவை சுழல் கோடுகளில் போய் ஒட்டிக்கொண்டன, லேசர் ஒளியில் கோடுகள் தெரிந்தன. பார்க்க அருமைதான். ஆனால் அணு பருமன் கோட்டின்மேல் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு பெரிய துகள் உட்கார்ந்தால், கோடு தன் போக்கில்தான் நகர்கிறதா? துகளைச் சாதாரணப் பங்கும் இழுக்குமே! படத்தைக் காட்டுபவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மருத்துவமனை ஊழியர்: எங்கள் எம்ஆர்ஐ இயந்திரத்தில் இருப்பதும் இதுதானா?

இல்லைங்க, அது 4.2 கெல்வின் பக்கம் இருக்கும் சாதாரணத் திரவ ஹீலியம். செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவிப்பானில் உள்ள காந்தங்கள்தான் 1.9 கெல்வினில், மீப்பாய்மத்தில் முழுகிக் கிடக்கின்றன.

கிளமென்டி, ஆய்வு மாணவர்: நம் ஊர் ஈரப்பதம் தொந்தரவு தருமா?

தராமலா இருக்கும்! குடுவைக் கழுத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் காற்றும் ஈரமும் உள்ளே போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத ஹீலியம் ஆவி அழுத்தம் ஏறி வெடிக்கலாம் தம்பி, விளையாட்டில்லை. காப்பு வால்வைத் தினமும் பாருங்கள்.

அவரே: 1 கெல்வினுக்கும் கீழே போனால்?

சாதாரணப் பங்கு கிட்டத்தட்ட காணாமல் போய்விடும், இரண்டாம் ஒலி பயன்படாது. அங்கே மின்னணுக்களைச் செலுத்துவார்கள். திரவத்துக்குள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு குமிழை உண்டாக்கிக்கொள்ளும், அந்தக் குமிழ் சுழல் கோட்டில் சிக்கும். மறுபக்கம் வந்து சேரும் மின்னோட்டம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, கோட்டு அடர்த்தியைக் கணக்கிடுவார்கள். மான்செஸ்டர் குழு இந்த முறையில் நிறைய வேலை செய்திருக்கிறது.