அப்பாவின் பழைய டிரம் செட்டுக்கு எந்த ஸ்கின் வாங்குவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தர்மபுரியில் இருக்கிறீர்கள். அப்பா 1970களில் மெல்லிசைக் குழுவில் வாசித்த ஜப்பான் செட் பல வருடம் பரணில் கிடந்து இப்போது கீழே வந்திருக்கிறது. 22 அங்குல பேஸ் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 12, 13 டாம் (நடுத்தர டிரம்கள்), 16 ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டாம்), 14 ஸ்னேர் (அடியில் கம்பி கட்டிய டிரம்). ஸ்கின், அதாவது குச்சி படும் முகப்புப் படலம், எல்லாம் தொய்ந்தும் கிழிந்தும் போய்விட்டன. எந்தக் கம்பெனி ஸ்கின் போட்டால் அப்பா காலத்துச் சத்தம் திரும்ப வரும் என்று கேட்கிறீர்கள்.

நான் பக்கத்து மாவட்டம், கிருஷ்ணகிரி. இதே போன்ற செட் ஒன்றை வைத்துப் பல வருடம் கச்சேரிக்குப் போயிருக்கிறேன். கம்பெனிப் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பழைய ஸ்கின்னை எல்லாம் கழற்றிவிட்டு வெறும் ஷெல்லை, அதாவது டிரம்மின் மர உடலைப் பாருங்கள். போல்ட்டுகளை அந்தந்த டிரம்முக்குத் தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய ஜப்பான் செட்டின் மரையும் அமெரிக்க செட்டின் மரையும் ஒன்றல்ல. ஒன்று தொலைந்தால் பொருத்தமானது கிடைக்க அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம் டேப் எடுத்து அளவு பாருங்கள். ஸ்கின்னை அழுத்திப் பிடிக்கும் ரிம் வளையத்தை விட்டுவிட்டு மரத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்து முடித்துவிடாமல் கடிகாரத்தில் 12-6, 3-9 என்பது போல நான்கு திசையிலும் அளந்து எழுதுங்கள். அந்தக் காலத்து ஜப்பான் செட்கள் பெரும்பாலும் லுவான் என்ற மெல்லிய மரப் பலகையில் செய்தவை, உள்ளே மேலும் கீழும் வளையம் வைத்து ஒட்டியிருப்பார்கள். பரணில் தகரக் கூரைச் சூட்டில் கிடந்தால் வட்டம் கோணிப்போக வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் போனால் புது ஸ்கின்னின் அலுமினிய வளையம் ஒரு பக்கம் உரசி உட்காரும், என்ன செய்தாலும் சுருதி நிற்காது. ஷெல் அளவு சற்றுப் பெரிதாக இருந்தால் ரெமோ என்ற ஸ்கின் கம்பெனியில் ‘கிளாசிக் ஃபிட்’ என்று பழைய செட்டுக்காகவே கொஞ்சம் தளர்வாகச் செய்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது விளிம்பு. ஸ்கின் தொட்டு உட்காரும் இடம் அதுதான், சத்தத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. அது மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மட்டமான கல்லை நாம் தேடி அலைய வேண்டாம். வீட்டுச் சமையல் மேடை கிரானைட்டாக இருந்தால் அதுவே போதும், இல்லையென்றால் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் ஏதாவது ஒரு கல் பட்டறையில் கேட்டால் பாலிஷ் போட்ட பலகைக் கல் ஒன்றின் மேல் வைத்துப் பார்க்க விடுவார்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஷெல்லைக் கல்லின் மேல் கவிழ்த்து, உள்ளே மொபைல் டார்ச்சை எரியவிட்டு, கண்ணைக் கல்லின் மட்டத்துக்கு இறக்கிச் சுற்றிப் பாருங்கள். என்னுடைய ஃப்ளோர் டாமில் ஒரு லக்குக்கு (போல்ட் மாட்டும் உலோகப் பிடிக்கு) பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சக் கீற்று கசிந்தது. அந்த லக்கை மட்டும் எவ்வளவு முறுக்கினாலும் சுருதி இறங்கிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. கல்லின் மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, ஷெல்லை அதன் மேல் வைத்து, அழுத்தாமல் நாலைந்து சுற்று மட்டும் சுற்றினேன். கீற்று மறைந்ததும் நிறுத்திவிட்டு, விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டேன்.

ஸ்னேரின் அடிப்பக்கத்தில் மட்டும் கவனம். அங்கே எதிரெதிராக இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரியும். அது பழுதில்லை. ஸ்னேர் கம்பி ஸ்கின்னோடு ஒட்டிப் படிய வேண்டும் என்று வேண்டுமென்றே இறக்கி வைத்த பள்ளம். அதைத் தேய்த்து மட்டமாக்கினால் அந்த ஸ்னேர் அவ்வளவுதான்.

எந்தப் பட்டறையிலும் ‘புது டிரம் மாதிரி கூராக்கித் தருகிறோம்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் ஒருமுறை 13 டாமை அப்படிக் கொடுத்தேன். உருண்டையாக இருந்த விளிம்பை மிஷின் போட்டு 45 டிகிரிக்குச் சீவித் தந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் மற்ற டாம்களோடு அதன் குரல் சேரவே இல்லை. உருண்ட விளிம்பு ஸ்கின்னை அகலமாகத் தாங்கும், அதனால் சத்தம் சட்டென்று அடங்கி, கனிந்து வரும். பழைய செட்டின் குணமே அதுதான். போனால் திரும்ப வராது.

இப்போது ஸ்கின். பறையடிப்பவர்கள் ஏன் வைக்கோல் தீயில் காட்டிக் காய்ச்சுகிறார்கள், காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைக்கு வரும் பம்பைக்காரர் மேகம் மூடினால் ஏன் முகம் சுளிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஈரம் பட்டால் தோல் இறங்கிவிடும். டிரம் செட்டிலும் முன்பு கன்றுத் தோல்தான் இருந்தது, வாசித்தவர்களுக்கும் இதே பாடுதான். 1950களில் பாலியெஸ்டர் படலம் வந்த பிறகுதான் அது தீர்ந்தது. டிரம் வாசிப்பவரான ரெமோ பெல்லி 1957ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனியின் முதல் ஸ்கின்களுக்கு ‘வெதர் கிங்’ என்று பெயர் வைத்ததற்கும் காரணம் இதுதான்.

அப்பா 70களில் கேட்ட சத்தம் அந்த ஒற்றை அடுக்கு ஸ்கின்னின் சத்தம். ஆகவே டாம்களுக்கு மேல்பக்கம் 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் கனமுள்ள, வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றை அடுக்கு போடுங்கள். ரெமோவில் கோட்டட் அம்பாசடர், எவான்ஸ் கம்பெனியில் கோட்டட் ஜி1. இரண்டும் நல்லவை, பெங்களூர்க் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கலாம். கீழ்ப்பக்கத்துக்குப் பூச்சில்லாத அம்பாசடர், இன்னும் திறந்த சத்தம் வேண்டுமென்றால் அதைவிட மெல்லிய டிப்ளமேட்.

கடைக்காரர் ‘ரொம்ப நாள் உழைக்கும் சார்’ என்று இரட்டை அடுக்கைக் காட்டுவார். கச்சேரி கச்சேரியாகப் பலமாக அடிப்பவருக்கு அது சரி. நானும் நம்பி, நடுவே எண்ணெய்ப் படலம் வைத்த இரட்டை அடுக்கை வாங்கி மூன்று டாமுக்கும் மாட்டினேன். அடித்தால் ‘தும்’ என்ற முதல் தட்டு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் வர வேண்டிய மரத்தின் குரல் வரவே இல்லை. மெல்லிய ஷெல்லுக்குக் கனத்த ஸ்கின் போட்டால் அது வாயைப் பொத்தியது போலத்தான். ஒரே வாரத்தில் கழற்றினேன்.

ஸ்னேரில் மேலே அதே கோட்டட் அம்பாசடர். கீழே ‘ஸ்னேர் சைடு’ என்று கேட்டு வாங்க வேண்டும், 3 மில்தான், பால் கவர் போல மெல்லியது. 14 அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கி, மேல்பக்க ஸ்கின்னையே கீழேயும் மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பி பேசவே பேசாது. காசு குறைவாக இருந்தால் முதலில் இந்த ஸ்னேரின் இரண்டையும் மாற்றுங்கள், டாம் அடுத்த மாதம் ஆகட்டும்.

பேஸுக்கு அடிக்கும் பக்கம் கோட்டட் அம்பாசடர் போட்டு, உள்ளே இரண்டு அங்குல ஃபெல்ட் துணிப் பட்டையை ஸ்கின்னுக்கும் விளிம்புக்கும் நடுவே குறுக்காக இழுத்துக் கொடுப்பதுதான் அந்தக் காலத்து முறை. பட்டை வேண்டாம் என்றால், ஓரத்தில் வளையம் சேர்த்தே வரும் பவர்ஸ்ட்ரோக் 3 வாங்கலாம்.

மாட்டும்போது ஸ்கின் தன் கனத்திலேயே இறங்கி உட்கார்ந்து, விரலால் தள்ளினால் வழுக்கிச் சுற்ற வேண்டும். பிறகு எல்லா போல்ட்டையும் கையால் முறுக்கி, எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக டிரம் கீ (போல்ட் முறுக்கும் சாவி) வைத்து ஏற்றுங்கள். உள்ளங்கையால் நடுவில் அழுத்தும்போது கொஞ்சம் படபடவென்று பசை விடும் சத்தம் வரும், பயப்பட வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகும் எங்கோ ‘ஸ்ஸ்’ என்று அதிர்ந்தால் லக்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள், கொஞ்சம் பஞ்சு திணித்தால் அடங்கிவிடும்.

பேஸின் முன்பக்க ஸ்கின்னில் அப்பாவின் குழுப் பெயரை பெயிண்டர் எனாமலில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை மாற்றாதீர்கள். அந்தப் பக்கம் பெடல் படுவதே இல்லை, கிழியாத வரை இன்னும் பல வருடம் இருக்கும். தூசியை ஈரத்துணியால் துடையுங்கள், தின்னர் மட்டும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.