நிறுத்தி வைத்த கேம்பர் வேனும் இறங்கிப்போகும் பேட்டரியும்

சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பழைய வேன்களைக் கேம்பர் வேனாக (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வண்டியாக) மாற்றி வைத்திருப்பவர்கள் இப்போது கணிசமாக உள்ளனர். ஆண்டில் சில வாரங்கள் ஓடி, மற்ற நாளெல்லாம் வாசலில் நிற்கும் இந்த வண்டிகளின் பேட்டரி குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு சென்று திரும்பியபின் வேனை நிறுத்தினோம். அடுத்த பள்ளி விடுமுறைக்கு எடுக்கப்போனால் எஞ்சின் பேட்டரி, உள்ளே விளக்கு விசிறிக்கான பேட்டரி இரண்டுமே செத்துக் கிடந்தன. ஒரு விளக்கைக்கூட எரியவிடவில்லையே, ஐயா? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

விளக்கை அணைத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. ரேடியோவின் நினைவகம், திருட்டு அலாரம், இருப்பிடம் காட்டும் கருவி, கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி ஆகியவை இரவு பகலாகச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இவையெல்லாம் சேர்ந்து வெறும் 50 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, ஒரு மாதத்துக்கு 36 ஆம்பியர் மணி போய்விடுகிறது. 100 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி மூன்றே மாதத்தில் காலியாக இது போதும். பெரிய இன்வெர்ட்டரை அணைக்க மறந்திருந்தால் மூன்று மாதம்கூட வேண்டாம். எந்தச் சாமானையும் இணைக்காத நிலையிலேயே அது ஓர் ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடும் என்பதால், சில நாள்களிலேயே கதை முடிந்துவிடும்.

ஆகவே, எந்தச் சார்ஜர் வாங்கலாம் என்று யோசிக்கும் முன் இந்த மின்கசிவைக் கண்டுபிடியுங்கள். கதவுகளைப் பூட்டி, வண்டியின் கணினி உறங்க அரை மணி நேரம் விட்டு, பேட்டரியின் எதிர்முனைக் (நெகட்டிவ்) கம்பியில், கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மில்லி ஆம்பியர் அளவை நேர்மின்சாரத்தில் (DC) காட்டக்கூடிய மீட்டராக அது இருக்கவேண்டும். பிறகு எதிர்முனையில் ஒரு துண்டிப்பு சுவிட்சைப் பொருத்திவிடுங்கள். சுவிட்சைத் தாண்டி நேராகப் பேட்டரிக்கே போகும் கம்பிகளும் சில வண்டிகளில் உண்டு என்பதால், அதை அணைத்தபின் மறுபடியும் அளப்பது அவசியம்.

ஈய அமில பேட்டரி ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் உள்ளது. 12.4-க்குக் கீழே மாதக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. உங்கள் இரு பேட்டரிகளையும் மெதுவாக ஏற்றி, கடையில் சுமைச் சோதனை செய்து பார்த்தபின் புதியது வாங்குவதைப் பற்றி முடிவெடுங்கள்.

வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா?

போதாது. எஞ்சின் பேட்டரியை ஓரளவு தாங்கிப்பிடிக்கலாமே தவிர, உள்பகுதி பேட்டரிக்கு அது கொறிக்கவும் காணாது. ஈய அமில பேட்டரியின் கடைசி இருபது விழுக்காடு மிக மெதுவாகத்தான் ஏறும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். நின்ற இடத்திலேயே உறுமவிடுவதைக் காட்டிலும் ஈப்போ வரை ஓட்டித் திரும்புவது எஞ்சினுக்கும் டயருக்கும் நல்லது, ஆனாலும் நிரந்தரத் தீர்வு அதுவல்ல.

வேன் கொட்டகைக்குள் நிற்கிறது. கூரையில் சோலார் தகடு இருந்தும் பயனில்லை.

கொட்டகைக்கு வெளியே வெயில் படும் இடத்தில் ஒரு 20 வாட் தகட்டைத் தனியாக வைத்துக் கம்பி இழுத்துவிடுங்கள். நம் நாட்டில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று கணக்கிட்டு, இழப்புகளைக் கழித்தாலும் நான்கு ஆம்பியர் மணிக்குக் குறையாமல் கிடைக்கும். மேலே சொன்ன கசிவுக்கு அது தாராளம். ரப்பர் மர நிழலில் வைக்கவேண்டாம், ஓர் இலை மூடினாலே வரவு வெகுவாகக் குறையும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே சார்ஜை ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியில் முதலில் பேட்டரியையும் பிறகு தகட்டையும் இணைக்கவேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

வீட்டு மின்சாரத்தில் சார்ஜரை எப்போதும் செருகியே வைத்திருக்கலாமா? (இல்லத்தரசி)

அது எந்த வகைச் சார்ஜர் என்பதைப் பொறுத்தது, அம்மா. நிறைந்தவுடன் தானாகவே 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இறங்கி நிற்கும் வகை என்றால் வைக்கலாம். பட்டறைகளில் காணும் பழைய கனமான சார்ஜரைச் செருகிவிட்டு மறந்தால் அமிலத்திலுள்ள தண்ணீர் வற்றிவிடும். நம் வெப்பத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு: அந்த அளவுகள் 25 டிகிரிக்குச் சொல்லப்பட்டவை, வெயிலில் நிற்கும் வேனுக்குள் 35 டிகிரி என்றால் சுமார் 0.18 வோல்ட் குறைக்கவேண்டும். வெப்ப உணர்வியுள்ள சார்ஜர் அதைத் தானே செய்துகொள்ளும். கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவதில் தவறில்லை என்பது என் கருத்து.

நீர் ஊற்றத் திறக்கக்கூடிய மூடிகள் கொண்ட பேட்டரியாக இருந்தால் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, சார்ஜ் ஏறியபின் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டம் தேவை. மாலை இடி மின்னல் வழக்கமாக உள்ள நம் ஊரில், வெளியூர் செல்லும்போது செருகியைக் கழற்றிவிடுவது நல்லது.

லித்தியம் பேட்டரிக்கும் இதே முறைதானா?

இல்லை, ஏறக்குறைய நேர்மாறானது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைப் பாதி அளவுக்கு ஏற்றி, துண்டித்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். முழுதாக நிரப்பிச் சார்ஜரிலேயே விடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். ஈய பேட்டரியின் சல்பேட்டை நீக்கும் முறை உங்கள் சார்ஜரில் இருந்தால், லித்தியத்துக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.